பொரியாத முட்டைகளுக்குக் கணக்கு இல்லை

புது தில்லி: கேரளத்தின் இடக்கொச்சியில், காயலின் ஆழம் குறைந்த ஓரங்களில், ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் ஒரு குடும்பக் காட்சி நடைபெறுகிறது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது எளிதில் தெரிவதில்லை. கரிமீன் இணை ஒன்று நீரில் மூழ்கிக் கிடக்கும் கல்லையோ மரத்துண்டையோ தென்னை மட்டையையோ தேர்ந்தெடுத்து, அதன் மேற்பரப்பை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்கிறது. பிறகு பெண் மீன் முட்டைகளை அதன்மேல் ஒட்டவைக்கிறது. முட்டை பொரிய மூன்று, நான்கு நாள்கள் ஆகும். அதுவரை தாயும் தந்தையும் அருகிலேயே நின்று, துடுப்புகளால் நீரை விசிறிக்கொண்டே இருக்கின்றன. முட்டைக்குள் இருக்கும் உயிருக்கு மூச்சுக் கிடைப்பது அந்த விசிறலால்தான்.

பொரிந்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. பெற்றோர் அவற்றை வாயில் கவ்வி, காயலின் தரையில் தாங்களே தோண்டிய சிறு குழிகளுக்கு மாற்றுகின்றன. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கரு தீரும்வரை அந்தச் சேற்றுக் குழியே குஞ்சுக்குத் தொட்டில். அந்தச் சேற்றில் என்னென்ன படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டு கொச்சிச் சந்தைக்கு வரும் கரிமீனின் அளவு அமையும்.

கரிமீனை 2010ல் கேரள அரசு மாநில மீனாக அறிவித்தது. 2010-11ஐ கரிமீன் ஆண்டாகவும் கடைப்பிடித்தது. வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீனுக்கு உணவு விடுதிகளில் இருக்கும் மரியாதையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அதன் முட்டைக்கும் குஞ்சுக்கும் இந்நாட்டின் நீர் மாசுச் சட்டத்திலும் விதிகளிலும் என்ன இடம் இருக்கிறது என்று தில்லியில் தேடினால் கிடைக்கும் விடை மிகச் சுருக்கமானது. மீன் செத்து மிதந்தால் அது மாசு. விசாரணைக் குழு அமைக்கப்படும். முட்டை பொரியாமல் போனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

காயலில் கலப்பவை: மட்டாஞ்சேரி, தோப்பும்படி, பள்ளுருத்தி ஆகிய பகுதிகளைக் கடந்து தெற்கே வந்தால் இடக்கொச்சி. கொச்சி மாநகராட்சியின் தென் ஓரம். பாலத்தைத் தாண்டினால் ஆலப்புழை மாவட்டத்தின் அரூர். மேற்கே கும்பளங்கி. சீன வலைகளும் ஊன்று வலைகளும் இன்றும் இயங்கும் நீர்ப்பரப்பு இது. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் அந்த ஏற்றத்தோடு உள்ளே வந்து, காயல் ஓரத்துக் கண்டல் வேர்களுக்கு இடையே வளர்கின்றன. கொச்சிக் கடலில் பிடிபடும் பல வகை மீன்களுக்கும் இறால்களுக்கும் காயல்தான் பால்வாடி.

இதே நீரில்தான் மாநகரின் கழிவும் கலக்கிறது. பல பத்தாண்டுகள் வரை மாநகராட்சிக்கு எளங்குளத்தில் இருந்த, நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் திறன் கொண்ட நிலையமே பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நகரின் மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே அது போதுமானது. மற்ற இடங்களின் கழிவுநீர் தோடு எனப்படும் ஓடைகள் வழியே காயலுக்குத்தான் சென்றது. அரூர்ப் பகுதி கடல் உணவு ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றது. இறால் உரிக்கும் கூடங்களின் கழிவுநீர் ஓடைகளை நாசமாக்குகிறது என்ற புகார் அங்கே புதிதல்ல. கிழக்கே, அம்பலமுகள் தொழிற்பகுதியைக் கடந்து வரும் சித்திரப்புழை சம்பக்கரைக் கால்வாய் வழியாக இதே காயலை அடைகிறது. 2023 மார்ச்சில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கும் அந்த நீர்வழிகளின் கரையில்தான் உள்ளது.

இடக்கொச்சியின் பெயர் தில்லி வரை வந்த சந்தர்ப்பமும் உண்டு. கேரள கிரிக்கெட் சங்கம் அங்கே சர்வதேச மைதானம் அமைக்கத் திட்டமிட்டபோது, கண்டல் காடுகள் அழிக்கப்படுவதாகவும் கடலோர ஒழுங்குமுறை விதிகள் மீறப்படுவதாகவும் 2010களின் தொடக்கத்தில் எழுந்த புகார் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரை சென்றது. மைதானம் வரவில்லை. கிரிக்கெட் இல்லாமல், மீன் குஞ்சுகள் மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்திருந்தால் அந்தக் கோப்பு இவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்குமா என்பது சந்தேகமே.

பெரியாற்றின் மறுமுனை: பெரியாறு என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது முல்லைப் பெரியாறு அணையும் அதன் நீர்மட்டமும்தான். 244 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் மறுமுனை கொச்சிக் காயலின் வடபகுதி. ஆலுவாவுக்குக் கீழே ஏலூர், எடையார் எனும் இரு தொழிற்பகுதிகளை ஆறு கடந்து வருகிறது. உரம், பூச்சிக்கொல்லி, அருமண் தாதுக்கள், துத்தநாகம், தோல், எலும்புத் தூள் என 1940கள் முதல் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்த இடம் அது. ஆற்று நீர் சிவப்பாகவும் கறுப்பாகவும் நிறம் மாறிய நாள்கள் பலமுறை பதிவாகியுள்ளன.

ஏலூரின் குழிக்கண்டம் தோடு என்னும் சிற்றோடையில் மாதிரிகள் எடுத்துச் சோதித்த கிரீன்பீஸ் அமைப்பு, டிடிடி உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் அதில் இருந்ததாக 1999ல் அறிவித்தது. அபாயகரக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004ல் ஏலூருக்கு நேரில் வந்தது. எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே 13ல் தடை விதித்தது. தடை வந்தபின் உற்பத்தி நின்றது. சேற்றில் படிந்தவை அங்கேயே இருக்கின்றன. கொச்சிக் காயலின் அடிமண்ணில் துத்தநாகமும் கேட்மியமும் வடபகுதியில்தான் மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த வகையில் இடக்கொச்சி காயலின் மிக மோசமான இடம் அல்ல. அங்கு நகரக் கழிவும் ஆக்சிஜன் குறைவும் அம்மோனியாவும்தான் முதன்மையான ஆபத்து. ஆனால், முகத்துவாரம் வழியே நுழையும் குஞ்சு வடக்கே போவதா தெற்கே போவதா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவதில்லை.

2024 மே 20, 21 தேதிகளில் நடந்தது நாடறிந்த செய்தி. உவர்நீர் மேலேறாமல் தடுப்பதற்காகப் பாதாளம் என்ற இடத்தில் பெரியாற்றின் குறுக்கே மதகுகளுடன் கூடிய தடுப்பு உள்ளது. கோடையில் மதகுகள் மூடியிருக்கும்போது அதன் பின்னே நீர் தேங்கி, கழிவுகள் அடியில் படிந்து அழுகுகின்றன. மழை பெய்ததும் மதகுகள் திறக்கப்பட்டன. கீழே வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் என்று வழியெங்கும் மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டுகளில் காளாஞ்சியும் கரிமீனும் வளர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தனர். காளாஞ்சி என்பது தமிழகத்தில் கொடுவா என்று அழைக்கப்படும் மீன்தான்.

காரணம் குறித்து அரசுத் துறைகளுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. ஆக்சிஜன் குறைந்த நீர் திடீரெனத் திறந்துவிடப்பட்டதே காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீர்ப்பாசனத் துறை அதை ஏற்கவில்லை. அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகக் கேரள மீன்வளம் மற்றும் கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் குழு கண்டறிந்தது. ஆலைக் கழிவா, அழுகிய சேறா என்ற வாதம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கூண்டுகளில் செத்த மீன்களுக்கு இழப்பு மதிப்பிடப்பட்டது. அது பல கோடி ரூபாய். அதே நீரில், கற்களிலும் மட்டைகளிலும் ஒட்டியிருந்த முட்டைகளுக்கும் குழிகளில் கிடந்த குஞ்சுகளுக்கும் மதிப்பீடு எதுவும் இல்லை. அவை மிதப்பதில்லை, நாறுவதுமில்லை. புகைப்படக்காரர்கள் வருவதற்குக் காரணமும் இல்லை.

முட்டைக்குள் நடப்பது: வளர்ந்த மீனைக் காட்டிலும் அதன் முட்டையும் குஞ்சும் மாசுக்கு எளிதில் பலியாவதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. முதலாவது, தப்பியோட வழியில்லை. ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன் வேறிடம் நீந்திச் செல்லும், மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறக்கும். ஒட்டிய முட்டை ஒட்டிய இடத்திலேயே இருக்கும். அது தன்னைச் சூழ்ந்த மெல்லிய உறை வழியே கசியும் ஆக்சிஜனை மட்டுமே நம்பியிருக்கிறது. அது குறைந்தால் கரு உடனே சாக வேண்டும் என்பதில்லை. இதயமும் மூளையும் உருவாகும் வேகம் தடுமாறும். உரிய நாளுக்கு முன்போ பின்போ பொரியும் குஞ்சு, முதுகெலும்பு வளைந்தோ இதய உறையில் நீர் கோத்தோ வெளிவரும். இரண்டொரு நாளில் வேறொரு மீனுக்கு இரையாகும்.

இரண்டாவது, பொரிந்த குஞ்சுக்குச் செவுள் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. தோல் வழியாகவே அது சுவாசிக்கிறது. நீரில் கரைந்திருக்கும் கேட்மியமோ செம்போ அதன் உடல் முழுவதையும் தொடுகிறது. நஞ்சை முறித்து வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வயதில் வேலை தொடங்கியிருக்காது. கடல்நீரில் இயல்பாக உள்ள சல்ஃபேட், ஆக்சிஜன் அற்ற சேற்றில் பாக்டீரியாக்களால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. சயனைடு எப்படி உயிரணுவின் சுவாசத்தை முடக்குமோ அப்படியே இதுவும் முடக்கும். மீன்களின் பாதுகாப்புக்கு இதன் அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்தது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். குஞ்சுகளின் தொட்டில் சேற்றில் இருக்கிறது என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது.

மூன்றாவது காரணம் தாய் வழியாக வருவது. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைகின்றன. பெண் மீன் தன் உடலில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நஞ்சின் ஒரு பகுதியை, கொழுப்பு நிறைந்த மஞ்சள்கருவோடு சேர்த்து முட்டைக்குக் கொடுத்துவிடுகிறது. குஞ்சு உலகில் உண்ணும் முதல் உணவு அந்த மஞ்சள்கருதான். அது தீர்ந்து, வெளியே இரை தேடத் தொடங்கும் சில நாள்களே மீனின் வாழ்வில் மிக நெருக்கடியான காலம். ஓர் ஆண்டில் எவ்வளவு மீன் பிடிபடும் என்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அந்த நாள்களைத் தாண்டிய குஞ்சுகளே முடிவு செய்கின்றன என்று நார்வே விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914லேயே எழுதினார்.

இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் உள்ள பெலூஸ் ஏரி. 1970களில் அங்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையிலிருந்து செலினியம் கலந்த நீர் ஏரியில் விடப்பட்டது. பெரிய மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை; பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன. முட்டைகளும் இட்டன. குஞ்சுகள் மட்டும் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளில், ஏரியிலிருந்த 20 வகை மீன்களில் 19 வகை இல்லாமல் போயின. ஆலை வாயிலில் எடுக்கும் சோதனை எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

96 மணி நேரம்: இந்தியாவில் ஆலைக் கழிவுநீர் மீன்களுக்கு ஆபத்தற்றது என்று எப்படி முடிவு செய்யப்படுகிறது? சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986ன் ஆறாவது அட்டவணையில், கழிவுநீர் வெளியேற்றத்துக்கான பொது அளவுகோல்களில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரில், வேறு நீர் கலக்காமல், மீன்களை விட வேண்டும். 96 மணி நேரத்துக்குப் பின் 100க்கு 90 மீன்கள் உயிரோடு இருந்தால் தேர்ச்சி. முட்டை என்றோ குஞ்சு என்றோ அந்த வரியில் எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் என்ன நடக்கும் என்ற கேள்வியும் இல்லை. நான்கு நாள் உயிரோடிருந்த மீன் மறுபருவத்தில் இட்ட முட்டை பொரிந்ததா என்பது யாருடைய வேலையும் அல்ல.

ஆற்று நீருக்கான அளவுகோலும் இப்படித்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகையாகப் பிரித்துள்ளது. நான்காவதான 'டி' வகை, வனவிலங்குகளுக்கும் மீன் பெருக்கத்துக்கும் உரியது. பெருக்கம் என்ற சொல்லே அதில் இடம்பெற்றுள்ளது. அதற்கு வைக்கப்பட்ட நிபந்தனைகள் மூன்று: அமில காரத் தன்மை 6.5 முதல் 8.5 வரை; கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல்; தனி அம்மோனியா, நைட்ரஜன் கணக்கில், 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல். பூச்சிக்கொல்லி பற்றியோ கேட்மியம் பற்றியோ பேச்சே இல்லை. அம்மோனியாவுக்குக் கொடுத்த எல்லையோ தாராளத்திலும் தாராளம். ஐரோப்பிய சமூகம் 1978ல் மீன்வாழ் நன்னீருக்கென வகுத்த நெறிமுறையில் அனுமதித்த தனி அம்மோனியா லிட்டருக்கு 0.025 மில்லிகிராம். நம்முடையது அதைப்போல் சுமார் 50 மடங்குக்கும் மேல். நீரின் காரத்தன்மை ஓர் அலகு உயர்ந்தாலே நச்சுத்தன்மை உள்ள தனி அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும் என்பதையும், காயலின் நீர் கடலோடு கலந்து காரத்தன்மை கூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த எல்லை எந்த மீனுக்காக வகுக்கப்பட்டது என்று புரியவில்லை.

முட்டையையும் குஞ்சையும் வைத்துச் சோதிப்பது எட்டாத விஞ்ஞானம் அல்ல. அமெரிக்காவில் முகமையின் டுலூத் ஆய்வகத்தைச் சேர்ந்த மெக்கிம், மீனின் இளம் பருவத்தை மட்டும் சோதித்தாலே ஒரு ரசாயனத்தின் நீண்டகால நச்சுத்தன்மையைப் பெரும்பாலும் கணித்துவிடலாம் என்று 1977ல் எடுத்துக்காட்டினார். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு எனப்படும் ஓஇசிடி, அதற்கான பொதுச் சோதனை முறையை 1992ல் வெளியிட்டது. ஜெர்மனி ஒரு படி மேலே சென்றது. ஆலைக் கழிவுநீரை வளர்ந்த மீன்களைக் கொண்டு சோதிக்கும் முறையைக் கைவிட்டு, 2005 முதல் மீன் முட்டைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கழிவுநீரில் முட்டைகளை 48 மணி நேரம் வைத்து, கண்ணாடிபோல் தெளிந்த அவற்றின் உள்ளே இதயம் துடிக்கிறதா, வால் பிரிகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செலவு குறைவு, விடையும் விரைவு.

அந்தச் சோதனைக்கு ஜெர்மானியர் பயன்படுத்துவது வரிக்குதிரை மீன் என்று மீன்தொட்டிக் கடைகளில் விற்கப்படும் சிறு மீனின் முட்டை. அதன் தாயகம் கங்கைச் சமவெளி. ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822ல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான் அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நம் வாய்க்கால் மீனின் முட்டை ரைன் நதியைக் காவல் காக்கிறது. பெரியாற்றுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

நாடாளுமன்றம் செய்தது: சட்டத்தின் எழுத்தில் குறையில்லை என்றே சொல்ல வேண்டும். தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே, மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், அரசியல் சாசனத்தின் 252ஆவது பிரிவின்கீழ் 1974ல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. தொடக்கத்திலேயே அதை ஏற்ற மாநிலங்களில் கேரளமும் ஒன்று. மாசு என்றால் என்ன என்று வரையறுக்கும் பகுதியில், நீர்வாழ் உயிரினங்களின் உயிருக்கும் நலத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடிய மாற்றமும் மாசே என்று தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. உயிர் மட்டுமல்ல, நலமும். பொரியாத முட்டை அந்த வரையறைக்குள் நிச்சயம் அடங்கும். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமோ, மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நீரில் விஷம் கலப்பவனுக்கு மட்டுமே தண்டனை விதித்தது. நோக்கத்தை விட்டு விளைவைப் பார்த்தது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய முன்னேற்றம்.

அந்தச் சட்டம் 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்டது. மாநிலங்களவை 6ஆம் தேதியும் மக்களவை 8ஆம் தேதியும் திருத்த மசோதாவை நிறைவேற்றின. நீர்நிலையில் மாசுப் பொருளைக் கலப்போருக்கு ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரை சிறை என்றிருந்த தண்டனை நீக்கப்பட்டு, ரூ. 10 ஆயிரம் முதல் ரூ. 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றப்பட்டது. சிறிய நடைமுறைத் தவறுகளுக்கெல்லாம் சிறை என்றால் தொழில் நடத்த முடியாது, நம்பிக்கை அடிப்படையில் ஆட்சி நடக்க வேண்டும் என்பது அரசின் வாதம். அச்சமே போய்விடும் என்பது எதிர்க்கட்சிகளின் வாதம். திருத்தம் முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கும், பிறகு தீர்மானம் நிறைவேற்றி ஏற்கும் மாநிலங்களுக்கும் பொருந்தும். பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தது இது நடந்து மூன்றரை மாதங்களுக்குப் பின்.

சிறையா அபராதமா என்று இரு தரப்பும் வாதிட்டதில் தவறில்லை. எதை அளந்து அபராதம் விதிப்பது என்பதே விவாதத்தின் மையமாக இருந்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் இழப்பீட்டைக் கணக்கிட மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பயன்படுத்தும் வாய்ப்பாட்டில் ஐந்து எண்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. ஆலை எந்த வகை, எத்தனை நாள் விதிமீறல், ரூபாய்க் காரணி, ஆலையின் அளவு, அது அமைந்த இடம். இடம் என்பதும் பக்கத்து ஊரின் மக்கள்தொகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. முட்டையிடும் பருவத்தில் ஒரு நாள் விதிமீறலும் மற்றப் பருவத்தில் ஒரு நாள் விதிமீறலும் அந்த வாய்ப்பாட்டுக்கு ஒன்றே. சேதத்துக்கு ஏற்ப ஈடுசெய்யும் தொகையை வசூலிக்க மாசு வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்துள்ளது. அளக்கப்படாத சேதத்துக்கு அந்த அதிகாரத்தாலும் பயன் இராது.

நதி மாசு குறித்து உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சகம் அளிக்கும் எழுத்துமூலப் பதில்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே எண்ணிக்கை திரும்பத் திரும்ப வரும். மாசடைந்த நதிப் பகுதிகள் 2018ல் 351; 2022ல் 311. பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை மட்டும் கொண்டு எடுத்த கணக்கு அது. சாக்கடையை அளக்க அது போதும். கேட்மியமோ பூச்சிக்கொல்லியோ அந்த அளவையில் சிக்குவதில்லை.

இரண்டு அமைச்சகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியும் இதில் சேர்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020ல் ரூ. 20,050 கோடி முதலீட்டில் தொடங்கப்பட்டது. கூண்டு மீன் வளர்ப்புக்கு மானியம் தரும் அத்திட்டம் மீன்வள அமைச்சகத்தினுடையது. கூண்டைச் சுற்றி ஓடும் நீர் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. கூண்டுக்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருகிறது. அதற்கு ரசீது உண்டு, ஆகவே இழப்புக்குக் கணக்கும் உண்டு. காயலில் தானாகப் பொரியும் குஞ்சுக்கு ரசீது தருவோர் யாரும் இல்லை. ஊன்று வலையையும் வீச்சு வலையையும் நம்பி வாழும் இடக்கொச்சி மீனவர் நம்பியிருப்பது இந்தக் குஞ்சுகளைத்தான்.

வலைக்கு மட்டும் தடை: இனப்பெருக்கக் காலம் என்பதை அரசுகள் அறியாமல் இல்லை. 1988 முதல் கேரளத்தில் பருவமழைக் காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். சிறு மீன்களைப் பிடிப்பதைத் தடுக்கக் கேரளம் 58 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவையும் நிர்ணயித்தது. அளவில் சிறிய மத்தியைக் கரைக்குக் கொண்டுவரும் படகு பறிமுதலாகும். இந்தக் கட்டுப்பாடுகளை மீனவர்கள் முணுமுணுப்போடு என்றாலும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த 52 நாள்களுக்கென்று ஆலைகளின் கழிவுநீர்க் குழாய்க்குத் தனிக் கட்டுப்பாடு ஏதும் கிடையாது. பாதாளம் மதகைத் திறக்கும் நேரமும் மீனின் பருவத்தைப் பார்த்து முடிவு செய்யப்படுவதில்லை.

2025 மே 25ல் கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தொலைவில் எம்எஸ்சி எல்சா-3 சரக்குக் கப்பல் மூழ்கியபோது, தடைக்காலம் தொடங்க இரு வாரங்களே இருந்தன. சுமார் 640 கன்டெய்னர்கள். 12ல் கால்சியம் கார்பைடு. எரிபொருள் தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயில். அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. ரூ. 9,531 கோடி இழப்பீடு கோரிக் கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மத்தி மீன் இனப்பெருக்கம் செய்வது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அதன் முட்டைகள் நீரின் மேல்மட்டத்தில் மிதப்பவை. கச்சா எண்ணெயின் சில சேர்மங்கள் மீன் கருவின் இதயத்துடிப்பையே குலைப்பவை என்பது, 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் விபத்துக்குப் பின் நடந்த நீண்ட ஆய்வுகளில் உறுதிப்பட்டது. அலாஸ்காவில் அதை நிரூபிக்க முடிந்ததற்குக் காரணம், விபத்துக்குப் பின் ஆண்டுதோறும் ஓடைகளில் இறங்கி சால்மன் முட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள்.

தமிழகமும் இதற்கு வெளியே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகுகளுக்கும் வலைகளுக்கும் நிவாரணம் வழங்கப்பட்டது. மீனவர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளிய படங்கள் நாடெங்கும் வெளியாயின. அலையாத்தி வேர்களில் படிந்த எண்ணெய்ப் பூச்சைப் பற்றி நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டால் நல்லது. இறால் குஞ்சு வளர்வது அங்கேதான்.

மாசுச் சோதனை விதியில் முட்டை, குஞ்சு ஆகிய இரு சொற்களைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவையில்லை. 1986ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அரசிதழ் அறிவிக்கை மூலமே திருத்த முடியும். பலமுறை திருத்தியும் இருக்கிறது. 1.2 என்ற அம்மோனியா எல்லையை மாற்றுவது மத்திய வாரியத்தின் கையில் உள்ளது. கொச்சியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது, மாநில மீன்வளப் பல்கலைக்கழகமும் பனங்காட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து இடக்கொச்சிக் கரைக்குச் செல்வதற்கு, கும்பளமும் அரூரும் வழியாக, அதிக நேரம் ஆகாது.